டேப்பெட் பேசட்டும்: காரை கேஸுக்கு மாற்றுபவர்கள் வால்வைக் காப்பாற்றும் வழி

என் பழைய நாலு சிலிண்டர் வண்டியை எல்பிஜிக்கு மாற்றிய புதிதில் எனக்கு ஒரே பெருமை, இஞ்சின் அவ்வளவு அமைதி. காலையில் ஸ்டார்ட் செய்தால் கேட்கும், வால்வைத் திறக்கும் டேப்பெட்டின் அந்த ‘டக் டக்’ கூட நாளாக நாளாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் காணாமலே போனது. பெரம்பூரில் எனக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பானெட்டைத் தூக்கிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். “சைலண்ட்டா ஓடுதுன்னு சந்தோஷப்படாதீங்க சார். டேப்பெட் பேசணும். பேச்சு நின்னுடுச்சுன்னா வால்வு சரியா மூடலைன்னு அர்த்தம்.” வேலை பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேஸில் 28,000 கி.மீ. ஓடியபோது மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் ஆக ஆரம்பித்தது. இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறை மேசையில் கவிழ்த்தபோது, அந்த சிலிண்டரின் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. ஒரு வருடம் கேஸில் மிச்சம் பிடித்த காசு அந்த மேசையிலேயே போயிற்று.

புதிதாக கேஸ் கிட் போடப் போகிறவர்கள் அந்த மேசைக்குப் போகாமல் இருக்க, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

வால்வுக்கு என்னதான் ஆகிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமை. வால்வு என்பது ஹெட்டில் இருக்கும் கதவு. அது வந்து உட்காரும் உலோக வளையம்தான் சீட். 3000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை சீட்டில் வந்து அடிக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வின் தலை அப்போது 700, 800 டிகிரி சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு, வால்வு மூடியிருக்கும் அந்தத் துளி நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கும், அங்கிருந்து கூலண்டுக்கும் இறங்குகிறது. மீதி வால்வுத் தண்டு வழியாக, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் கைடுக்குப் போகிறது.

அத்தனை சூட்டில் உலோகமும் உலோகமும் மோதினால் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டிக்கொள்ளும். திறக்கும்போது சீட்டிலிருந்து ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு போகும். இதைத் தடுக்க நடுவில் ஏதாவது ஒரு படலம் வேண்டும். பழைய அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அந்த வேலையைப் பார்த்தது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு மாநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது, 2000-இல் நாடு முழுக்க ஈயம் நின்றுபோனது. அதற்கேற்ப சீட்டுகளும் கடினமாயின. ஆனால் பெட்ரோலுக்குப் போதுமான கடினம் கேஸுக்கும் போதும் என்று சொல்ல முடியாது. பெட்ரோல் எரியும்போது மெல்லியதாகப் படியும் கரி ஒரு மெத்தையாக இருக்கிறது. அது துளியாக உள்ளே வந்து ஆவியாகும்போது கொஞ்சம் குளிரவும் வைக்கிறது. எல்பிஜியோ, டேங்கிலிருந்து வரும் திரவத்தை வாயுவாக்கும் ரெடியூசரிலேயே ஆவியாகிவிட்டு, உலர்ந்த வாயுவாக வருகிறது. மெத்தையும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும். ஏற ஏற, அதன் தண்டுக்கும், அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே விட்டிருக்கும் டேப்பெட் கேப் குறையும். என் வண்டியில் சத்தம் குறைந்தது அதனால்தான். கேப் சுத்தமாகப் போய்விட்டால் வால்வு மூட நினைத்தாலும் ராக்கர் அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். சீட்டில் உட்காராத வால்வுக்குச் சூட்டை இறக்கி வைக்க இடமில்லை. மூடாத இடுக்கு வழியாக நெருப்பும் பீறிடும். பிறகு அப்பளம்தான்.

கிட் போடும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் இஞ்சினில் டேப்பெட் எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூவும் லாக் நட்டும் உள்ள வகை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம். பக்கெட்டும், கேப்பைத் தீர்மானிக்கும் சின்னத் தகடான ஷிம்மும் உள்ள வகையில் அளப்பது சுலபம், மாற்றுவது வேலை. சில இஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டையே கழற்ற வேண்டியிருக்கும். மூன்றாவது ஹைட்ராலிக். கேப் குறைந்தால் அதுவே ஈடுகட்டிக்கொள்ளும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு தேய்ந்தது என்று வெளியே காட்டாமல், ஈடுகட்டும் தூரம் தீர்ந்த அன்று நேராகக் கைவிரித்துவிடும். ஹைட்ராலிக் வண்டிக்காரர்கள் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தின் அளவை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும்.

அடுத்து, அதே இஞ்சினில் கம்பெனியே கேஸ் மாடல் விற்றிருக்கிறதா என்று பாருங்கள். வேகன் ஆர் டூயோ மாதிரி கம்பெனி ஃபிட்டிங் கேஸ் வண்டிகள் நம் ஊரில் ஓடியவைதான். அப்படி ஒன்று இருந்தால் சென்னை ஜி.பி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பெட்ரோல் மாடல், கேஸ் மாடல் இரண்டுக்கும் வால்வு பார்ட் நம்பரையும் ஹெட் பார்ட் நம்பரையும் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நம்பர் வேறு என்றால், கம்பெனியே உங்கள் வால்வை கேஸுக்கு நம்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நம்பர் ஒன்றே என்றால் நல்ல சகுனம், அவ்வளவுதான்.

பிறகு கம்ப்ரஷன். இஞ்சின் சூடான பின் எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராமல் கனெக்டரைப் பிடுங்கி, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு நாலைந்து சுற்று கிராங்க் செய்ய வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி. ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் வேலை, ஏறாவிட்டால் வால்வு வேலை. ஏற்கெனவே வால்வு கசியும் வண்டியில் கிட் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

கூலண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரெடியூசர் சூடாவது இஞ்சினின் கூலண்டில், வால்வு குளிர்வதும் அதே கூலண்டில். சென்னையில் ரேடியேட்டர் குறைந்தால் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த உப்பு, உங்கள் கெட்டில் அடியில் படியும் வெள்ளை மாதிரி ஹெட்டின் தண்ணீர்ப் பாதையிலும் படியும். கிட் போடும்போதே ஃப்ளஷ் செய்து முறையான கூலண்ட் நிரப்பிவிடுங்கள்.

கிட், காகிதம்

நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற ஃபிட்டர், ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றப் பதிவு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல். டேங்குக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டெஸ்ட். வீட்டு சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்வது குற்றம், ஆபத்தும்கூட. பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கேஸ் இன்ஜெக்டர் உள்ள சீக்வென்ஷியல் கிட்டையே போடுங்கள். பழைய மிக்ஸர் கிட் விலை மலிவு. பேக்ஃபயர் ஆகி ஏர் ஃபில்டர் டப்பா வெடித்தால் அந்த மலிவு அன்றே போய்விடும்.

டியூனிங்: வால்வின் ஆயுள் இங்கேதான்

“கேஸ் ரொம்ப சூடு சார், அதான் வால்வு போகுது” என்று ஊரே சொல்லும். பாதிதான் உண்மை. சரியான அளவில் கலந்த கேஸ், பெட்ரோலைவிடப் பெரிய வித்தியாசத்தில் சூடாக எரிவதில்லை. குறைவான அளவில் கலந்த கேஸ்தான் ஆளைக் கொல்லும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று, எல்பிஜிக்கு சுமார் 15.5. இதைவிடக் காற்று அதிகமானால் ‘லீன்’. முழு மிதியில் போகும்போது இஞ்சினின் கம்ப்யூட்டரான பெட்ரோல் இசியு வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக பெட்ரோல் அடித்து, எக்ஸாஸ்ட்டைக் குளிர வைக்கும். எவ்வளவு கேஸ் விட வேண்டும் என்ற கேஸ் மேப் கணக்கு அந்த இடத்தில் பின்தங்கினால் அந்தக் குளிர்ச்சி போய்விடும், மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் பழுக்கக் காய்ந்த வால்வை அரிக்கும்.

என் வண்டிக்கு கிட் போட்ட இடத்தில் செய்தது இதுதான்: வண்டியை நிறுத்தி வைத்து, ஐடிலில் லேப்டாப்பை மாட்டி, ஆட்டோ கேலிபரேஷன் பட்டனைத் தட்டி, இருபது நிமிடத்தில் “முடிஞ்சுது சார், எடுத்துட்டுப் போங்க.” ரோட்டில் ஓட்டி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு.

நீங்கள் கேளுங்கள். டியூன் செய்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஏசியைப் போட்டு, முடிந்தால் பின்னால் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு மதுரவாயல் பைபாஸ் மாதிரி ஒரு ரோட்டுக்குப் போங்கள். ஒரே ரோடு, ஒரே கியர், ஒரே வேகம். முதலில் பெட்ரோலில், பிறகு கேஸில். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட் உள்ள வண்டி என்றால் சின்ன புளூடூத் ஸ்கேனரை மாட்டி, போனில் லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள், இசியு எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்று அது சொல்லும். பெட்ரோலில் +2 காட்டியது கேஸில் அதையொட்டியே, ஐந்துக்குள் இருந்தால் நிம்மதி. +12, +15 என்று ஏறினால் கேஸ் போதவில்லை, இசியு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முழுசாக மிதிக்கும்போது அந்த முட்டும் வராது. அந்தக் குறை நேராக வால்வின் தலையில் விடியும்.

கார்புரேட்டர் வண்டியில் டிரிம் இல்லை, பிளக்தான் சாட்சி. ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கழற்றிப் பாருங்கள். கேஸில் பிளக் வெளிறித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக, முனையில் கொப்புளம் தெரிந்தால் லீன்.

“மைலேஜ் ஏத்தி வைக்கட்டுமா சார்?” என்று டியூன் செய்பவர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு ஐந்தில் ஒரு பங்கு மைலேஜ் குறைவது கேஸின் இயல்பு. அதைத் திருகி மீட்டுத் தருகிறேன் என்பவர் உங்கள் வால்விலிருந்து எடுத்துத்தான் தருகிறார். சீக்வென்ஷியல் கிட்டின் சில இசியுக்களில் அதிக ஆர்பிஎம்மில் கொஞ்சம் பெட்ரோலையும் சேர்த்து அடிக்கச் சொல்லும் வசதி உண்டு. இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், செலவு சொற்பம்.

டியூனிங் ஒருமுறை செய்துவிட்டால் அப்படியே நிற்பதில்லை. கேஸ் ஃபில்டர் அடைத்தால் பிரஷர் விழும், பிரஷர் விழுந்தால் லீன். கிட் புத்தகத்தில் போட்ட கி.மீ.க்கு ஃபில்டரை மாற்றுங்கள். ரெடியூசரில் நாளடைவில் மஞ்சளும் கறுப்புமாக, நாறும் எண்ணெய்க் கசடு சேரும், வடித்து விடும் திறப்பு இருந்தால் திறந்து விடுங்கள். பிளக் கேப்பைச் சற்றுக் குறைத்து வையுங்கள், பழைய பிளக் வயரை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். கேஸைப் பற்ற வைக்க ஸ்பார்க் வலுவாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை: கேப் அளப்பது

ஒரு ஃபீலர் கேஜ் வாங்குங்கள். ஜி.பி. ரோட்டில் எந்த டூல்ஸ் கடையிலும் கிடைக்கும். கையடக்கக் கத்தி மாதிரி விரியும் எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் தடிமன் பொறித்திருக்கும்.

கிட் போடுவதற்கு முன்பே ஒருமுறை அளந்துவிடுங்கள். தொடக்க எண் இல்லாவிட்டால் பின்னால் எடுக்கும் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. இரவு முழுக்க நின்று ஆறிய இஞ்சினாக இருக்க வேண்டும். வெயில் ஏறும் முன், காலை ஆறு மணிக்கு, பால்காரர் போகும் நேரத்தில்தான் நான் செய்வேன். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இஞ்சின் லேசாகச் சுற்றும். டேப்பெட் கவரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கேஸ்கட் கிழியாமல் மெதுவாகத் தூக்குங்கள். கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டு, இஞ்சின் சுற்றும் திசையிலேயே சுற்றி, நீங்கள் அளக்கப் போகும் வால்வின் கேம் மூக்கு (கேமின் துருத்திய முனை) அதை அழுத்தாமல் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி நிறுத்துங்கள்.

இப்போது தகட்டை நுழைக்க வேண்டும். சரியான தகடு, பழைய புத்தகத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்களுக்கு நடுவே காகிதத்தை இழுப்பது போல, லேசான பிடியோடு வரும். தொளதொளவென்று வந்தால் கேப் அதைவிடப் பெரியது. நுழையவே மறுத்தால் அடுத்த மெல்லிய தகடு. என் ஹெட் வேலைக்கு முன்பு அண்ணன் அளந்தபோது, 0.20 மி.மீ. இருக்க வேண்டிய அந்த மூன்றாவது எக்ஸாஸ்ட்டில் அவர் கையிலிருந்த மிக மெல்லிய 0.05 தகடுகூட நுழையவில்லை. தகடு வளைந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் துணியில் துடைத்து வைத்தார்.

உங்கள் வண்டியின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும், இஞ்சினுக்கு இஞ்சின் மாறும், பக்கத்து வீட்டு வண்டியின் எண்ணை எடுக்காதீர்கள். மேனுவலில் குறைந்த அளவு, அதிக அளவு என்று இரண்டு எல்லை இருக்கும். கேஸ் வண்டிக்கு எக்ஸாஸ்ட் கேப்பை அதிக எல்லையை ஒட்டி வையுங்கள். கொஞ்சம் டக் டக் கேட்கும், கேட்கட்டும்.

எட்டு வால்வோ பதினாறு வால்வோ, எல்லாவற்றையும் தேதி, கி.மீ. போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கிட் போட்ட பின் 5,000 கி.மீ.யில் ஒருமுறை, பிறகு 10,000-க்கு ஒருமுறை. 10,000 கி.மீ.யில் 0.20 என்பது 0.18 ஆனால் உங்கள் சீட் கேஸைத் தாங்குகிறது, இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம். 5,000 கி.மீ.யிலேயே 0.12-க்கு வந்துவிட்டால், ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்து ஓட்டலாம்தான், ஆனால் டியூனிங்கை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் வேகமாகக் குறைந்தால் அந்த கேஸ் இன்ஜெக்டர் மேல் சந்தேகப்படுங்கள். என் மூன்றாவது சிலிண்டருக்கு ஆனது அதுதான். மற்ற மூன்றைவிடக் குறைவாக கேஸ் விட்டுக்கொண்டிருந்தது.

சொட்டு மருந்து பாட்டில்

வால்வ் சேவர் என்று பானெட்டுக்குள் ஒரு சின்ன பாட்டில் மாட்டுவார்கள். அதிலுள்ள திரவம், இஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக் வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே போய், ஈயம் செய்த படல வேலையைச் செய்யும். ஃப்ளாஷ்லூப், ஜேஎல்எம் எல்லாம் இந்த வகைதான். ஆயிரம் லிட்டர் கேஸுக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் போகும்.

இது ஏமாற்று வேலை இல்லை, சீட் மென்மையான வண்டிக்குத் தேய்மானத்தைக் குறைக்கும். ஆனால் வேக்குவத்தில் இழுக்கும் சாதாரண பாட்டிலில் ஒரு கோளாறு உண்டு. இன்டேக்கில் வேக்குவம் அதிகம் இருப்பது ஐடிலில். முழுசாக மிதித்தால் வேக்குவம் விழுந்துவிடும். ஆக, சிக்னலில் சும்மா நிற்கும்போது தாராளமாகச் சொட்டும், ஜிஎஸ்டி ரோட்டில் பறக்கும்போது கஞ்சத்தனம் காட்டும். தேவை நேர்மாறு. அதனால் வாங்குவதானால் லோடுக்கு ஏற்ப அளந்து விடும் எலக்ட்ரானிக் வகையை வாங்குங்கள். பாட்டிலில் அளவு குறையாமலே மூன்று மாதம் போனால் குழாய் அடைத்திருக்கிறது. லீனாக ஓடும் வண்டிக்கு இந்த மருந்து பத்தாது. முதலில் டியூனிங், பிறகு கேப், பாட்டில் அதற்குப் பிறகுதான்.

ஓட்டும் விதம்

சீட் தேய்வது ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறும். ஊருக்குள் நின்று நின்று போகும் வண்டிக்கு வால்வுத் தேய்மானம் குறைவு, பெங்களூர் ஹைவேயில் சின்ன இஞ்சினை 110-இல் மூன்று மணி நேரம் விரட்டினால் அதிகம். கத்திரி வெயிலில், ஆள் நிறைய, ஏசியோடு நீண்ட தூரம் போவதென்றால் நான் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்கிறேன். அந்த ஒரு நாள் செலவைப் பார்ப்பதில்லை. தினமும் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பின் தானாக கேஸுக்கு மாறட்டும். பெட்ரோல் டேங்கைக் காயப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது. இஞ்சின் ஆயில் கேஸில் கறுக்காது, தேன் நிறத்திலேயே இருக்கும். அதைப் பார்த்து ஆயில் மாற்றுவதைத் தள்ளிப் போடுபவர்கள் அதிகம். நிறத்தைப் பார்க்காமல் கி.மீ.யைப் பாருங்கள்.

ஹெட் கழற்றியே ஆக வேண்டும் என்றால்

அப்படியே கிரைண்டிங் போட்டு மூடிவிடாதீர்கள். லேத் பட்டறையில் எக்ஸாஸ்ட் சீட்டை மட்டுமாவது கேஸுக்கு ஏற்ற கடினமான சீட்டாக மாற்றச் சொல்லுங்கள். வால்வு முகத்தில் ஸ்டெல்லைட் என்ற கடினமான கலப்புலோகம் பூசியது கிடைத்தால் இன்னும் நல்லது. சீட் முகத்தை ஊசி மாதிரி மெல்லிசாக வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. அகலம் இருந்தால்தான் சூடு இறங்கும். கைடு ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றுங்கள், ஆடுகிற வால்வு புது சீட்டைக் கோணலாக அடித்துத் தேய்க்கும். வேலை முடிந்ததும் ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, டீ குடித்துவிட்டு வாருங்கள். போர்ட் பக்கம் விரல் வைத்தால் ஈரம் தட்டக் கூடாது.

ஓட்டத்தில் மிஸ் ஆரம்பித்தால் உடனே பெட்ரோலுக்கு மாற்றுங்கள். பெட்ரோலில் சரியானால் கோளாறு கேஸ் பக்கம்: ஃபில்டர், இன்ஜெக்டர், ரெடியூசர். பெட்ரோலிலும் அதே மிஸ், அதுவும் ஐடிலில் அதிகம், சைலன்சர் வாயில் கை வைத்தால் சீராக இல்லாமல் ‘புஸ்... புஸ்...’ என்று விட்டு விட்டு வருகிறது என்றால் முதலில் பிளக், இக்னிஷன் காயில் இரண்டையும் பார்த்துவிட்டு, அவை சரியென்றால் கேப்பை அளந்துவிடுங்கள். அன்றைக்கே அளந்தால் ஸ்க்ரூவைத் திருகித் தப்பிக்க வாய்ப்பு உண்டு. நான் பத்து நாள் தள்ளிப் போட்டேன்.